பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்: குடும்பம் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்

குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் வீட்டார் மொத்தமும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்த தாய் வேறொரு மாடியில் தனியாகக் கிடக்கிறார். நான்காம் நாள் சிஸ்டர் வெளியே வந்து “அம்மா பால் கொண்டு வாங்க” என்று கேட்கும்போதுதான், இதுவரை ஒரு முறைகூட யாரும் பால் எடுக்கவில்லை என்பது தெரிகிறது. அதற்குள் பாதிப் பால் வற்றியிருக்கும்.

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு மருத்துவர் தர முடியாத இரண்டு சிகிச்சைகள் உண்டு. ஒன்று தாய்ப்பால், மற்றொன்று தாயின் நெஞ்சுச் சூடு. இரண்டையும் குடும்பம்தான் தர வேண்டும், இரண்டுக்கும் நேரம் முக்கியம். தமிழக அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவை, அதாவது எஸ்.என்.சி.யூ.வை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். தனியார் மருத்துவமனையிலும் வரிசை இதேதான்.

முன்கூட்டியே கையில் வேண்டியவை

தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் நகல்கள். ஒரு நோட்டு, பேனா. மூடியுள்ள சிறிய எவர்சில்வர் கிண்ணம் நான்கு. 2 மி.லி. சிரிஞ்சு சில, ஊசி இல்லாமல். குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடை ஒன்று. பருத்தித் தொப்பி, காலுறை, நாப்கின். முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு. துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்திப் புடவை ஒன்று. பால் பாட்டிலும் பால் மாவு டப்பாவும் வேண்டாம்.

1. முதல் ஒரு மணி நேரம்: வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒருவர் குழந்தையோடு, ஒருவர் தாயோடு, ஒருவர் காகிதங்களோடு. தாயோடு இருப்பவர் பிரசவம் பார்த்த அனுபவமுள்ள பெண்ணாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அடுத்த படி அவர் கையில்தான் இருக்கிறது.

குழந்தையின் காலில் கட்டிய அடையாளப் பட்டையைப் படித்துப் பாருங்கள். தாயின் பெயர் மட்டும் போதாது. ஒரே நாளில் இரண்டு லட்சுமி பிரசவித்திருக்கலாம். உள்நோயாளி எண், பிறந்த நேரம், ஆண்/பெண், பிறந்த எடை நான்கும் சரியா என்று பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரட்டைக் குழந்தைகளானால் முதலாவது யார், இரண்டாவது யார் என்பதும் வேண்டும்.

வேறு மருத்துவமனையில் பிறந்து குழந்தை மட்டும் 108-ல் மாற்றப்பட்டால், தாயையும் அதே மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று பிரசவ வார்டு மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். தாய் இருபது கிலோமீட்டர் தள்ளிப் படுத்திருந்தால் கீழே சொல்லப்போகும் எதையும் முழுதாகச் செய்ய முடியாது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். தனியாரில் சேர்ப்பதானால், முன்பணம் கட்டும் முன்பே அங்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அந்தச் சிகிச்சை வருமா என்று கேட்டுவிடுங்கள்.

2. முதல் ஆறு மணி நேரத்துக்குள்: சீம்பால்

முடிந்தால் முதல் மணி நேரத்திலேயே, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். குழந்தை இன்னும் பால் குடிக்கத் தயாராக இல்லையே என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. மார்பு முதல் நாட்களில் எத்தனை முறை காலியாகிறதோ, அதை வைத்துத்தான் பின்னால் எவ்வளவு சுரப்பது என்று உடல் கணக்குப் போடுகிறது.

தாய் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். எழ முடியாவிட்டால் உதவுபவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். மார்பை விரல்களால் இரண்டு நிமிடம் மெல்ல நீவிவிடுங்கள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து மூன்று, நான்கு செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்செலும்பை நோக்கி உள்ளே அழுத்துங்கள், பிறகு இரு விரலையும் சேர்த்துப் பிதுக்குங்கள், விடுங்கள். அழுத்து, பிதுக்கு, விடு. விரல் தோலின்மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வலிக்கும், புண்ணாகும், பாலும் வராது.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே வராது. பிறகு மஞ்சளாக, தேன் பதத்தில் ஒரு துளி காம்பின் நுனியில் வந்து நிற்கும். அதை சிரிஞ்சின் நுனியால் தொட்டு உறிஞ்சி எடுங்கள். ஒரு தடவைக்கு அரை மி.லி. கிடைத்தாலும் அது முழு வெற்றி. “இவ்வளவுதானா” என்று யாரும் தாயின் காதில் விழச் சொல்லாதீர்கள். வாய் வழியே எதுவும் தராத குழந்தைக்குக்கூட, மருத்துவர் அனுமதித்தால், இரு கன்னத்தின் உட்புறமும் இரண்டு சொட்டு சீம்பால் தடவுவார்கள். முதல் நாளில் அந்தச் சொட்டுதான் தொற்றுக்கு எதிரான காவல்.

சீம்பாலுக்குக் கைதான் சரி. பம்ப் வைத்தால் அந்தக் கெட்டிப் பால் அதன் சுவரிலேயே ஒட்டிப் போகும். கடையில் விற்கும் ரப்பர் உருண்டை வைத்த பம்பை எப்போதுமே வாங்காதீர்கள், அந்த உருண்டைக்குள் போன பாலை எப்படியும் கழுவ முடியாது.

ஆபரேஷன் ஆனதற்கு ஆன்டிபயாடிக் போடுகிறார்கள் என்று பாலைக் கீழே கொட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. பிரசவ வார்டில் வழக்கமாகத் தரும் மருந்துகளோடு பால் தரலாம். சந்தேகம் இருந்தால் மருந்துப் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு முன் கொட்டாதீர்கள்.

3. பால் வற்றாமல் பார்த்துக்கொள்வது

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை எடுக்க வேண்டும். பகலில் இரண்டு மணிக்கொரு முறை, இரவில் மூன்று மணிக்கொரு முறை. இரவு ஒரு மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் எடுக்கும் பால்தான் சுரப்பைத் தாங்கிப் பிடிக்கிறது, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில் அதிகம். அதைத் தூக்கத்துக்காக விட்டுவிடும் தாய்க்கு இரண்டாம் வாரத்தில் அளவு சரிவதைப் பார்க்கலாம். பாட்டியோ கணவரோ போனில் அலாரம் வைத்து எழுப்பி, கிண்ணத்தைக் கையில் கொடுத்து, எடுத்ததை வாங்கிப் போனால் தாய்க்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு மார்பில் மூன்று, நான்கு நிமிடம், பிறகு மற்றது, திரும்ப முதலாவது. இப்படி மாற்றி மாற்றி மொத்தம் 20 முதல் 30 நிமிடம். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தால் பால் சீக்கிரம் இறங்கும். உள்ளே இடமில்லை என்றால் குழந்தையின் போட்டோவையோ அது போட்டிருந்த தொப்பியையோ கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். முழு அளவில் பால் தரத் தொடங்கியபின் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. தேவை. 1,400 கிராம் குழந்தைக்கு 210 மி.லி. இரண்டு மணிக்கொரு முறை என்றால் வேளைக்கு 17, 18 மி.லி. அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். கேட்டதும் பல தாய்மார்களின் முகம் தெளிந்துவிடும். ஒரு டம்ளர் வேண்டும் என்று அவர்கள் பயந்திருப்பார்கள்.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர், வயிறு நிறையச் சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை. பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் மார்பைக் காலி செய்யாமல் சுறா மட்டும் சாப்பிட்டால் பால் அதிகரிக்காது.

அப்படியும் போதவில்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு. தானம் வந்த பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள். அதைத் தவிர்த்துவிட்டு, வார்டில் பக்கத்துப் படுக்கைத் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

4. எடுத்த பாலை வைப்பதும் கொண்டுபோவதும்

கிண்ணங்களையும் மூடியையும் கழுவி, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம் மூழ்க வைத்து, கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் அந்தத் துணியின் கிருமி ஏறிவிடும்.

ஒவ்வொரு கிண்ணத்திலும் தாயின் பெயர், உள்நோயாளி எண், எடுத்த தேதி, நேரம் எழுதிய பிளாஸ்திரி ஒட்டுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜின் உள்பகுதியில் 24 மணி நேரம் வைக்கலாம், கதவுத் தட்டில் வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும். வெளியூரிலிருந்து கொண்டுவருவதானால் ஐஸ் பை வைத்த பெட்டியில் கொண்டு வாருங்கள்.

குளிர்ந்த பாலில் புதிதாக எடுத்த சூடான பாலைக் கலக்காதீர்கள். அடுப்பில் காய்ச்சவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை நிறுத்தினால் போதும். மேலே மிதக்கும் கொழுப்பு கிண்ணத்தோடு நின்றுவிட்டால் குழந்தைக்கு எடை ஏறாது, அதனால் மெல்லச் சுழற்றிக் கலந்து கொடுங்கள்.

5. உள்ளே போகும் முன்

வளையல், மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தாலிக்கயிற்றை முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளலாம். தலையில் பூ, முகத்தில் பவுடர், சென்ட் வேண்டாம். முழங்கை வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் படும்படி குறைந்தது 40 வினாடி தேயுங்கள். குழாயை முழங்கையால் மூடுங்கள். கழுவிய பிறகு போனை எடுத்தால் திரும்பவும் கழுவ வேண்டும். இதைத்தான் அநேகமாக எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்றைக்குப் போகவே கூடாது. அப்பாவாக இருந்தாலும் சரி.

6. மானிட்டரைப் படிப்பதும் கேள்வி கேட்பதும்

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை இருப்பது வழக்கம். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ரத்த ஆக்சிஜன் அளவை 90 முதல் 95-க்குள் வைக்கவே மருத்துவர்கள் முயல்வார்கள். 92 என்று பார்த்ததும் “நூறு இல்லையே, ஆக்சிஜனைக் கூட்டுங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள். தேவைக்கு மேல் போகும் ஆக்சிஜன் முதிராத விழித்திரையைக் கெடுக்கும். கடைசிப் படியில் வரும் கண் பரிசோதனைக்கும் இதுதான் காரணம்.

அலாரம் அடித்தால் முதலில் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பாருங்கள். குழந்தை காலை உதைத்தாலே பாதத்தில் ஒட்டிய சென்சார் நகர்ந்து எண் தடுமாறும். நிறம் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், மூச்சு நின்றதுபோல் தோன்றினால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அலாரத்தை நீங்களே அணைக்காதீர்கள்.

மருத்துவரிடம் பேச வீட்டில் ஒரே ஆளை வையுங்கள், முடிந்தால் தாயோ தந்தையோ. தினமும் நான்கு கேள்வி: இன்றைய எடை என்ன? பால் எவ்வளவு, எந்த வழியில்? மூச்சுக்கான உதவி நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? புதிதாக ஏதாவது பரிசோதனை, மருந்து உண்டா? பதிலை நோட்டில் எழுதுங்கள். முதல் வாரத்தில் எடை குறையத்தான் செய்யும், குறைமாதக் குழந்தைக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டிக்கூடக் குறையலாம். பிறந்த எடையைத் திரும்பத் தொட இரண்டு வாரம்வரை ஆகும்.

7. கங்காரு பராமரிப்பு

குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துச் சூடு தருவதுதான் கங்காரு பராமரிப்பு. குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே முடிந்த அளவு சீக்கிரம் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை கங்காரு பராமரிப்பு தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. ஆகவே “பெட்டியிலிருந்து எடுத்த பிறகு பார்த்துக்கலாம்” என்று காத்திருக்காதீர்கள். “இன்னைக்கு கங்காரு வைக்கலாமா?” என்று தினமும் நீங்களே கேளுங்கள். மூக்கில் குழாய் இருந்தாலும் பல குழந்தைகளை வைக்க முடியும்.

தாய் முதலில் சிறுநீர் கழித்து, தண்ணீர் குடித்து, நாற்காலியிலோ தலையணை அடுக்கிய கட்டிலிலோ பாதி சாய்ந்து உட்காரட்டும். மட்டமாகப் படுக்கக் கூடாது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். குழாய்களோடு இருக்கும் குழந்தையைச் சிஸ்டர்தான் தூக்கி வைக்க வேண்டும்.

இரு மார்புக்கும் நடுவே செங்குத்தாக, நெஞ்சோடு நெஞ்சு. தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்து. கைகள் மடங்கி, கால்கள் தவளைபோல் விரிந்து மடங்கி. குழந்தையின் வயிறு தாயின் மேல்வயிற்றில் பட வேண்டும், தாயின் மூச்சசைவு அதன் மூச்சைத் தூண்டும். புடவையைக் குழந்தையின் காதுக்குக் கீழ்வரை இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள்.

முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி கழுத்து மடங்குவதுதான் இதில் ஆபத்தான தவறு. குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழாய் இளநுங்குபோல் மெத்தென்றிருக்கும், கழுத்து மடங்கினால் அதுவும் மடங்கிவிடும். கட்டிய பிறகு முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

ஒரு தடவை உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்கொரு முறை எடுத்து வைத்தால் அந்த அலைச்சலே குழந்தையைக் களைப்பாக்கும். தாய் ஓய்வெடுக்கும்போது அப்பா, பாட்டி, சித்தி யாரும் வைக்கலாம். அப்பாவின் நெஞ்சிலும் சூடு அதே சூடுதான்.

8. பாலாடையில் பால் தருவது

கர்ப்ப வாரக் கணக்கில், பொதுவாக 32 வாரத்துக்குக் கீழே குழாய் வழியாக, 32 முதல் 34 வரை பாலாடை அல்லது கரண்டி, அதற்கு மேல் நேரடியாக மார்பில். குழாயில் பால் போகும் காலத்திலேயே, பால் எடுத்துக் காலியான மார்பைச் சப்பக் கொடுத்துப் பழக்கலாம்.

குழந்தை விழித்திருக்க வேண்டும். துணியில் சுற்றி, தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடியுங்கள். சிரிஞ்சால் அளந்த பாலில் கொஞ்சத்தைப் பாலாடையில் ஊற்றி, பாலாடையின் மூக்கைக் கடைவாய் ஓரத்தில் வைத்து, உதட்டில் பால் தொடும் அளவுக்குச் சாயுங்கள். நாக்கு அசையும், தொண்டை ஏறி இறங்கும். அது விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு.

தொட்டிலில் மல்லாத்திப் போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டும் பழைய வழக்கத்தை இந்தக் குழந்தையிடம் செய்தால் பால் நுரையீரலுக்குப் போகும். இருமினாலோ உதடு கறுத்தாலோ உடனே நிறுத்தி நிமிர்த்துங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தால் குடித்த பாலின் சத்து குடிக்கும் உழைப்பிலேயே செலவாகிவிடும். மிச்சத்தைக் குழாயில் தரலாமா என்று கேளுங்கள். பாலாடையின் மூக்கில் பால் தங்கும், ஒவ்வொரு முறையும் கொதிக்க வையுங்கள்.

9. நிலைமை மோசமானால்

மருத்துவர் “கஷ்டம்” என்று சொன்னால், தாயிடம் மறைக்காதீர்கள். தொட்டுப் பார்க்க, மடியில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

குழந்தை தங்காவிட்டாலும் பால் வரும். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்பு கனத்து வலிக்கும்போது, வலி தணியும் அளவுக்கு மட்டும் பிதுக்கி எடுத்து, ஈரத்துணி வைக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் சீழ் பிடிக்கலாம். காலில் இருந்த பட்டையையும் தொப்பியையும் கேட்டு வாங்கி வையுங்கள். இன்று வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு நாள் தாய் தேடுவார்.

குழந்தை நன்றாகத் தேறும்போதும்கூடத் தாய் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

10. டிஸ்சார்ஜுக்கு முன்

எடை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தொடர்ந்து மூன்று நாள் எடை ஏற வேண்டும், வார்மர் (சூடு தரும் கருவி) இல்லாமல் அக்குள் சூடு 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும், முழுப் பாலும் வாய் வழியே போக வேண்டும், மூச்சு நின்று போகும் தொல்லை சில நாட்களாக வந்திருக்கக் கூடாது. இவற்றோடு, தாய் இரண்டு நாளாவது இரவும் பகலும் தானே பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கு முன் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போன குழந்தைகள்தான் வாரத்துக்குள் திரும்பி வருகின்றன.

டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனையாவது கர்ப்ப வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, இன்றைய எடை, தலைச் சுற்றளவு, போட்ட தடுப்பூசிகள், மருந்து அளவு, கண், காது பரிசோதனைத் தேதிகள் இருக்கின்றனவா பாருங்கள். மருந்தை வார்டிலேயே ஒரு முறை நீங்கள் அளந்து காட்டுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து ஒரு கம்பெனியில் மி.லி.க்கு 400 யூனிட், இன்னொன்றில் 800. கடைக்காரர் மாற்றித் தந்தால் அளவு இரட்டிப்பாகும். ஒரு பாட்டிலின் சொட்டுக் குழாயை இன்னொன்றுக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

11. வீட்டில் முதல் மாதம்

கங்காருவை வீட்டிலும் தொடருங்கள். 2,500 கிராம் நெருங்கும்போது குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும், அப்போது விட்டுவிடலாம்.

இந்தக் குழந்தையைத் தூளியில் போடாதீர்கள். துணி குழிந்து கழுத்தை மடக்கிவிடும், கங்காருவில் சொன்ன அதே ஆபத்து. சமமான பாயில், தாய்க்கு எட்டும் தூரத்தில், மல்லாந்து படுக்க வையுங்கள். தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், உரைமருந்து, கிரைப் வாட்டர், சாம்பிராணிப் புகை, மூக்கிலும் காதிலும் எண்ணெய், தொக்கம் எடுப்பது, கண்ணுக்கு மை எதுவும் வேண்டாம். பாட்டியிடம் சண்டை போடுவதைவிட, டிஸ்சார்ஜ் அன்று அவரையும் கூட்டிவந்து மருத்துவர் வாயாலேயே கேட்க வைப்பது பலன் தரும்.

பால் குடிக்க மறுத்தல், தட்டினால் மட்டும் அசைதல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலா உள்ளிழுத்தல், வலிப்பு, அக்குள் சூடு 35.5-க்குக் கீழ் அல்லது 37.5-க்கு மேல், உள்ளங்கை பாதம்வரை மஞ்சள். ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்து, குழந்தையைக் கங்காருவில் வைத்தபடியே புறப்படுங்கள்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதியைக் கணக்கிடுங்கள். வளர்ச்சிக்கு மட்டும் பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை நான்கு மாதத்தில் இரண்டு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும்.

12. கண், காது: தள்ளிப்போடக் கூடாத தேதிகள்

பிறந்த எடை 2 கிலோவுக்குக் கீழோ 34 வாரத்துக்கு முன்போ என்றால், நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். மார்ச் 3-ல் பிறந்தால் மார்ச் 31-க்குள். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ பிறந்திருந்தால் இன்னும் முன்னால், இரண்டு மூன்று வாரத்திலேயே. குழந்தை இன்னும் வார்டில் இருந்தாலும் தேதி மாறாது. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், உள்ளே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வது சில நாட்களில் முற்றிவிடும். லேசர் தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். “நல்ல நாள் பார்த்து வர்றோம்” என்று போய்ப் பார்வையை இழந்த குழந்தைகள் உண்டு.

கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுத்துப் புரையேறும். முதல் முறை “பரவாயில்லை” என்றதும் நின்றுவிடாதீர்கள். விழித்திரை முழுதாக வளர்ந்துவிட்டது என்று கண் மருத்துவர் எழுதித் தரும்வரை அவர் சொன்ன நாளில் திரும்பப் போக வேண்டும்.

தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தையென்றால் காதுக்குப் பெரா பரிசோதனை (காது நரம்பின் வேலையையும் பார்ப்பது) கேளுங்கள், உள்காதை மட்டும் பார்க்கும் ஓ.ஏ.இ. மட்டும் செய்தால் காது நரம்பில் உள்ள கோளாறு தப்பிவிடும். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதியாகி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கியிருக்க வேண்டும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இவற்றைத் தொடர்ந்து பார்ப்பார்கள். அங்கே போகும் ஒவ்வொரு முறையும் டிஸ்சார்ஜ் சீட்டோடு அந்தப் பழைய நோட்டையும் எடுத்துப் போங்கள்.